எத்தனைக்கு எத்தனை: கால்நடை நோய்ப்பரவியல் அறிமுகப் பாடம், ஒரு மதிப்பீடு

கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பில் ‘கால்நடைப் பொதுச் சுகாதாரமும் நோய்ப்பரவியலும்’ என்ற தலைப்பில் ஒரு பாடம் இருக்கிறது. பால் சுகாதாரம், இறைச்சி ஆய்வு, விலங்குகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோய்கள், சுற்றுச்சூழல் சுகாதாரம் என்று பல பிரிவுகள் அடங்கிய அந்தப் பெரிய பாடத்துக்குள் ஒரு பிரிவாகத்தான், ஒரு கூட்டத்தில் நோய் எப்படி, ஏன் பரவுகிறது என்று ஆராயும் நோய்ப்பரவியல் நடத்தப்படுகிறது. ‘எபிடெமியாலஜி’ என்ற ஆங்கிலப் பெயரைச் சுருக்கி மாணவர்கள் ‘எபி’ என்று அழைக்கும் இந்தப் பிரிவைத் தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் நான் படித்தேன். குறைகளையும் எழுதப்போவதால் கல்லூரியின் பெயரைச் சொல்லவில்லை; வேறு கல்லூரிகளில் படித்த நண்பர்களோடு பேசியவரையில் குறைகளில் பெரும்பாலானவை எங்கள் கல்லூரிக்கு மட்டும் உரியவையும் அல்ல. ஏழு ஆண்டுகளாக ஒரு கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் உதவி மருத்துவராகப் பணியாற்றிவருகிறேன். படித்தபோது பாடத்தைப் பற்றி நான் கொண்டிருந்த கருத்தும் இன்று கொண்டிருக்கும் கருத்தும் ஒன்றல்ல என்பதால்தான் இதை இப்போது எழுதத் தோன்றியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓராண்டுப் பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள் நீளும் இந்தப் படிப்பில், கிராமத்து மருந்தகத்தில் எனக்கு அன்றாடம் கைகொடுப்பது இந்தப் பாடம்தான். ஆனால் அதன் முதல் பாதி நடத்தப்பட்ட விதத்துக்கும் இரண்டாம் பாதி நடத்தப்பட்ட விதத்துக்கும் இடையே இருந்த தூரத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. முதல் பாதியை நடத்தியவர் மாட்டு வெக்கை நோய் என்று நம் ஊர்களில் சொல்லப்பட்ட ரிண்டர்பெஸ்ட் நோயின் கண்காணிப்புப் பணியில் ஊர் ஊராகச் சென்றுவந்த மூத்த ஆசிரியர். கல்வியாண்டின் நடுவில் அவர் ஓய்வுபெற்றார். அதன் பிறகு எஞ்சிய பகுதி திரையில் ஓடிய ஸ்லைடுகளைப் படித்துக் காட்டுவதாகவே முடிந்தது.

அவர் தம் முதல் வகுப்பில் ஒரே ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதினார்: ‘எத்தனைக்கு எத்தனை?’ ஒரு மருந்தகத்தில் சென்ற மாதம் மடிவீக்க நோய்க்கு 11 மாடுகள் வந்தன, இந்த மாதம் 18 மாடுகள் வந்தன, நோய் பெருகிவிட்டதா என்று எங்களைக் கேட்டார். எல்லோரும் பெருகிவிட்டது என்றோம். சென்ற மாதம் அந்த வட்டாரத்தில் எத்தனை கறவை மாடுகள் இருந்தன, இந்த மாதம் எத்தனை இருக்கின்றன, இடையில் பக்கத்து ஊர் மருந்தகம் மருத்துவர் இல்லாமல் மூடிக் கிடந்ததா, சிகிச்சை முகாம் ஏதேனும் நடந்ததா என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டபோதுதான், மேலே இருக்கும் எண்ணை மட்டும் பார்த்துக் கீழே இருக்க வேண்டிய எண்ணை நாங்கள் மறந்துவிட்டோம் என்பது விளங்கியது. மற்றப் பாடங்கள் எல்லாம் நோயுற்ற ஒரு மாட்டின் முன்னால் நம்மை நிறுத்துகின்றன. இந்தப் பாடம் மருந்தகத்துக்கு வராத, நோயுறாத மாடுகளையும் எண்ணச் சொல்கிறது. பழகாத ஒருவருக்கு இது வீண்வேலையாகத் தோன்றும்; எனக்கும் முதல் சில வாரங்கள் அப்படித்தான் தோன்றியது.

வரையறைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குறிப்பிட்ட ஒரு நேரத்தில் எத்தனை விலங்குகளிடம் நோய் இருக்கிறது என்பதைக் காட்டும் நோயிருப்பு வீதம், குறிப்பிட்ட காலத்தில் புதிதாக எத்தனைக்கு நோய் வந்தது என்பதைக் காட்டும் நிகழ்வு வீதம், ஓர் இடத்தில் நிலைத்திருக்கும் நோய், திடீரென்று பெருகும் நோய், ஆங்காங்கே தலைகாட்டும் நோய் ஆகியவற்றை முதல் மாதத்திலேயே முடித்துவிட்டார்கள். எந்தப் பாடநூலிலும் இவை கிடைக்கும்.

பாடத்தின் உயிர் செய்முறை வகுப்புகளில் இருந்தது. மாதிரி எடுத்தல் பற்றிய வகுப்பை மட்டுமாவது விரிவாகச் சொல்ல வேண்டும். ஆசிரியர் ஒரு பிளாஸ்டிக் வாளி நிறையத் தட்டைப்பயறு கொண்டுவந்தார். அதில் 950 பயறு வெள்ளை, 50 பயறு சிவப்பு. முதல்நாள் மாலை ஆய்வக உதவியாளரும் அவருமாக எண்ணிப் போட்டிருக்கிறார்கள். வெள்ளைப் பயறு நோயற்ற மாடு, சிவப்புப் பயறு நோயுற்ற மாடு, ஆகவே இது நூற்றுக்கு 5 என்ற அளவில் நோய் இருக்கும் ஒரு பெரிய மந்தை என்றார். எங்கள் பிரிவில் இருந்த இருபது பேரும் கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்குப் பத்துப் பயறு எடுத்தோம். பாதிக்கு மேற்பட்டவர்களின் உள்ளங்கையில் ஒரு சிவப்புப் பயறு கூட இல்லை. ‘உங்கள் மந்தையில் நோய் இல்லை என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிடலாமா?’ என்று அவர் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எடுத்ததை வாளியில் போட்டுக் கலக்கிவிட்டு, ஒவ்வொருவராக வந்து 59 பயறு எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னார். இந்த முறை ஒரே ஒரு மாணவிக்கு மட்டும் சிவப்புப் பயறு வரவில்லை. அதன் பிறகுதான் கணக்குக்கு வந்தார். ஒரு பயறு வெள்ளையாக இருக்கும் வாய்ப்பு 0.95, பத்தும் வெள்ளையாக இருக்கும் வாய்ப்பு 0.95ஐப் பத்து முறை பெருக்கினால் கிடைக்கும், அது ஏறத்தாழ 0.6, 59 முறை பெருக்கினால் 0.05க்குக் கீழே இறங்கிவிடும். நூற்றுக்கு 5 என்ற அளவில் நோய் இருக்கும் பெரிய மந்தையில் ஒரு நோயுற்ற விலங்கையாவது கண்டுபிடிக்க நூற்றுக்கு 95 உறுதி வேண்டுமானால் 59 மாதிரிகள் தேவை என்பதை எந்தச் சூத்திரத்தையும் மனப்பாடம் செய்யாமலே தெரிந்துகொண்டோம். எனக்கு அந்த எண் இன்றுவரை மறக்கவில்லை. ஒரு பண்ணையில் ஐந்து மாடுகளின் இரத்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த வாளிதான் நினைவுக்கு வருகிறது.

அதற்கு அடுத்து நான் மதிப்பது நோய் கண்டறியும் சோதனைகளை எடைபோடும் பகுதி. கருச்சிதைவு நோய் எனப்படும் புருசெல்லோசிஸ் நோய்க்கு ரோஸ் பெங்கால் தட்டுச் சோதனையை நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் முன்பே செய்திருந்தோம். மாட்டின் இரத்தநீரில் ஒரு சொட்டையும் இளஞ்சிவப்பு நிறக் காரணியில் ஒரு சொட்டையும் கண்ணாடித் தட்டில் கலந்து, நான்கு நிமிடங்கள் மெல்ல ஆட்டிக்கொண்டே வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், நோய் எதிர்ப்பொருள் இருக்கும் இரத்தநீரில் அந்தச் சிவப்பு தயிர் திரிந்ததுபோல் சிறு சிறு மணிகளாகத் திரளும். மணி தெரிந்தால் நோய் உண்டு என்று நாங்கள் எழுதிக்கொண்டோம். நோய்ப்பரவியல் வகுப்பில் அதே சோதனையை வேறு கோணத்தில் பார்க்க வைத்தார்கள். நோயுள்ள மாடுகளில் நூற்றுக்கு 95ஐச் சரியாகப் பிடித்துவிடும், நோயற்ற மாடுகளில் நூற்றுக்கு 95ஐச் சரியாக விட்டுவிடும் என்று ஒரு சோதனையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆயிரம் மாடுகளில் 20 மாடுகளுக்கு மட்டுமே நோய் இருக்கும் வட்டாரத்தில் அதைச் செய்தால், அந்த இருபதில் 19 சிக்கும். ஆனால் நோயற்ற 980 மாடுகளில் நூற்றுக்கு ஐந்து வீதம் 49 மாடுகளும் தவறாகச் சிக்கும். ஆக, சோதனை ‘உண்டு’ என்று காட்டிய 68 மாடுகளில் உண்மையாகவே நோயுள்ளவை 19 மட்டுமே. நாலில் ஒரு பங்கை விடச் சற்று அதிகம். அதே சோதனையை ஆயிரத்தில் 300 மாடுகளுக்கு நோய் இருக்கும் பண்ணையில் செய்தால், ‘உண்டு’ என்று வரும் 320 மாடுகளில் 285 மாடுகள் உண்மையாகவே நோயுள்ளவை. சோதனை மாறவில்லை, ஆய்வகம் மாறவில்லை, செய்த கை மாறவில்லை. மாட்டின் சொந்தக்காரரிடம் நாம் சொல்ல வேண்டிய சொல் மட்டும் தலைகீழாக மாறிவிடுகிறது. ஒரே ஒரு கறவை மாட்டின் பாலை விற்று வீட்டுச் செலவைப் பார்க்கும் ஒரு குடும்பத்திடம் அந்த மாட்டை ஒதுக்கிவிடச் சொல்வது என்பது சிறிய காரியம் அல்ல. அந்தச் சொல்லைச் சொல்வதற்கு முன் இரண்டாவது சோதனை ஒன்றைக் கேட்டு வாங்கும் பொறுமையை எனக்குக் கொடுத்தது இந்த ஒரு வகுப்பு.

பின்னணியில் இருந்துகொண்டு வேறொன்றைக் காரணம்போல் காட்டும் குழப்பும் காரணியைப் பற்றிய பயிற்சிக் கணக்கும் அதே தரத்தில் இருந்தது. ஒரு ஊரில் புதுத் தீவனம் தின்ற 62 மாடுகளில் 14க்கு மடிவீக்கம். தின்னாத 48 மாடுகளில் 4க்கு மட்டும் மடிவீக்கம். தீவனத்தால்தான் நோய் வந்தது என்று ஊர் பேசுகிறது. கணக்கும் ஆபத்து இரண்டரை மடங்குக்கு மேல் என்கிறது. இப்போது அதே மாடுகளை, கூலிக்குப் பால் கறக்க வருபவர் கறக்கும் மாடுகள் என்றும் வீட்டார் கறக்கும் மாடுகள் என்றும் இரண்டாகப் பிரிக்கச் சொன்னார். கூலிக்குக் கறக்கும் மாடுகளில் தீவனம் தின்ற 40ல் 13, தின்னாத 10ல் 3. வீட்டார் கறக்கும் மாடுகளில் தின்ற 22ல் ஒன்று, தின்னாத 38ல் ஒன்று. கூலிக்கு ஆள் வைத்துக் கறக்கும் அளவுக்கு மாடு வைத்திருப்பவர்களே புதுத் தீவனமும் வாங்கியிருக்கிறார்கள். நோய் தொற்றிக்கொண்டு சென்றது கழுவாத கையிலிருந்து அடுத்த மடிக்கு. இது வகுப்புக்காகச் செய்த கணக்குதான் என்றாலும், இதே வடிவத்தில் ஒரு பழி என் வட்டாரத்தில் ஒரு கடைக்காரர் மேல் விழுந்தபோது, பால் கூட்டுறவு சங்கத்தின் திண்ணையில் உட்கார்ந்து தின்று நோயுற்றவை, தின்றும் நோயுறாதவை, தின்னாமல் நோயுற்றவை, தின்னாமலும் நோயுறாதவை என்ற இதே நாலு கட்டங்களைப் போட்டுத்தான் நான் பேச்சை முடித்தேன்.

களப்பணி ஒன்றும் இருந்தது. ஆளுக்கு ஒரு ஊர், ஒரு வினாப்பட்டியல், நாற்பது வீடுகள். மாடுகளில் கருச்சிதைவு நிகழ்ந்துள்ளதா என்பது ஒரு கேள்வி. அச்சடித்த தாளில் இருந்தபடியே ‘கடந்த ஓராண்டில் கருச்சிதைவு ஏற்பட்டதா?’ என்று கேட்டுக்கொண்டு போனேன். இருபது வீடுகள் வரை எல்லோரும் இல்லை என்றார்கள். இருபத்தோராவது வீட்டில் ஓர் அம்மா, ‘அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க தம்பி. போன மாசியில ஏழு மாசத்துல கன்னு வீசிருச்சு, அதோட சரி’ என்றார். நான் எதைக் கேட்கிறேனோ அதைத்தான் அவர் சொன்னார். என் சொல் அவர் சொல்லாக இருக்கவில்லை, அவ்வளவுதான். முதல் இருபது வீடுகளுக்கும் திரும்பிப் போய் ‘கன்று வீசியதா’ என்று கேட்டபோது இன்னும் மூன்று வீடுகளில் ஆம் என்றார்கள். மாலையில் ஆசிரியரிடம் சொன்னேன். வினாப்பட்டியலைத் திருத்தி எழுதச் சொன்ன அவர், திருத்துவதற்கு முன் கிடைத்த விடைகளையும் அழிக்காமல் தனியாகக் காட்டும்படி சொன்னார். தகவல் திரட்டுவதில் நேரும் பிழையைப் பற்றி அதற்குப் பிறகு நடந்த ஸ்லைடு வகுப்பில் ஏழெட்டு வகைகளின் பெயர்கள் வந்தன. என் மனத்தில் நிற்பது அந்த ஒன்று மட்டுமே.

வரலாற்றுப் பகுதி பல கல்லூரிகளில் தேர்வுக்கான ஆண்டுப் பட்டியலாகச் சுருங்கிவிடுவதாகக் கேள்விப்படுகிறேன். எங்களுக்கு அது நன்றாக அமைந்தது. 1854ல் இலண்டனின் பிராட் தெருவில் ஜான் ஸ்நோ காலராவைத் தண்ணீர்க் குழாயோடு இணைத்துக் காட்டியதை எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றன. எங்கள் ஆசிரியர் அதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, ரிண்டர்பெஸ்ட்டுக்கு மூன்று வகுப்புகள் எடுத்துக்கொண்டார். இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலேறிய மாடுகள் 1920ல் வழியில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கியதால் ஐரோப்பாவில் நோய் மூண்டது. அந்த அதிர்ச்சியின் விளைவாக 1924ல் இன்றைய உலக விலங்கு நல அமைப்பு பாரீஸில் உருவானது. இந்தியாவில் 1954ல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கி, கோடிக்கணக்கில் ஊசி போட்டும், நோய் முற்றிலும் அகல நாற்பது ஆண்டுகள் ஆயின. ஏன் என்று அவர் கேட்டார். ஊசி போட்ட மொத்த எண்ணிக்கை பெரிதாக இருந்தாலும், போடப்படாத மாடுகள் சில இடங்களில் ஒன்றாகக் குவிந்திருந்தால் நோய்க்கு அது போதும். ஒரு நோயுற்ற மாடு சராசரியாக ஐந்து மாடுகளுக்குத் தொற்றைக் கொடுக்குமானால் நூற்றுக்கு 80 மாடுகளுக்கு எதிர்ப்புத் திறன் இருக்க வேண்டும் என்ற கணக்கு, மாடுகள் எல்லாம் சீராகக் கலந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு போடப்படுவது. சந்தைக்கும் மேய்ச்சலுக்கும் அலையும் மந்தைகள் அப்படிக் கலப்பதில்லை. கடைசிக் கட்டத்தில் ஊசி போடுவதை நிறுத்தத் துணிந்ததுதான் பெரிய முடிவு என்றார். ஊசியால் வந்த எதிர்ப்பொருளையும் நோயால் வந்த எதிர்ப்பொருளையும் அந்தக் காலத்துச் சோதனைகளால் பிரித்தறிய முடியாது; ஆகவே ஊசியை நிறுத்தி, இளம் விலங்குகளின் இரத்தத்தை எடுத்து, எதிர்ப்பொருள் இல்லை என்று காட்டினால்தான் நோய் இல்லை என்று நிரூபிக்க முடியும். வாளியும் 59 பயறும் இங்கே வந்து சேர்ந்தன. இந்தியாவில் கடைசியாக நோய் காணப்பட்டது 1995ல். 2011ல் உலகம் முழுவதும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதன் பூண்டோடு ஒழித்த இரண்டாவது நோய் இது என்று சொன்னபோது அவர் குரல் சற்றுத் தழுதழுத்ததை வகுப்பே கவனித்தது. ஊர் ஊராக மாதிரி எடுத்த கைகளில் ஒன்று அவருடையது.

பிரிட்டனில் 1986ல் இனங்காணப்பட்ட, ஆங்கிலத்தில் ‘மேட் கவ்’ எனப்படும் பித்த மாட்டு நோயையும் அவரே நடத்தினார். நோயின் காரணி என்ன என்பது தெளிவாவதற்கு முன்பே, நோய்ப்பரவியலாளர் ஜான் வைல்ஸ்மித்தின் குழு பண்ணை பண்ணையாக விசாரித்து, மருந்து, தடுப்பூசி, பூச்சிக்கொல்லி என்று சந்தேகத்துக்குரியவற்றை ஒவ்வொன்றாக விலக்கி, இறைச்சி எலும்புத் தூள் கலந்த தீவனத்தில் வந்து நின்றது; 1988ல் அந்தத் தீவனத்துக்குத் தடை வந்தது. காரணியை நுண்ணோக்கியில் காணாமலேயே நோயைத் தடுக்க வழி காணலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். ஆசிரியர் ஓய்வுபெற்ற பின் நோய்க் கண்காணிப்பு, நோய் மூண்டால் விசாரிக்கும் முறை, பொருளாதார இழப்பைக் கணக்கிடுதல், கணினிப் பயன்பாடு ஆகிய நான்கும் எஞ்சியிருந்தன. கிராமத்து மருத்துவருக்கு மிகவும் தேவையானவை இவைதான். கண்காணிப்புப் பகுதியில் சட்டங்களின் பெயர்களும் திட்டங்களின் பெயர்களும் வரிசையாக வந்தன. விலங்குகளின் தொற்று நோய்களைத் தடுப்பதற்கான 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நான் யாருக்கு, எந்த நோயை, எப்படித் தெரிவிக்க வேண்டும் என்பதை ஒரு படிவத்தை நிரப்பிக் காட்டி யாரும் சொல்லித்தரவில்லை. பணியில் சேர்ந்த பிறகு, ஓர் ஆட்டு மந்தையில் ஆட்டுக்கொல்லி நோய் என்று சந்தேகப்பட்ட நாளில், மூத்த சக மருத்துவர் ஒருவர் தொலைபேசியில் சொல்லச் சொல்லத்தான் எழுதினேன். பெங்களூரில் கால்நடை நோய்ப்பரவியலுக்கென்றே தேசிய நிறுவனம் ஒன்று இயங்குகிறது, மாவட்டவாரியாக நோய் முன்னறிவிப்புகளை அது தருகிறது. அதன் பெயர் தேர்வுக்கு வந்தது. அதன் முன்னறிவிப்பு ஒன்றைத் திறந்து படித்துப் பார்க்கும் வகுப்பு நடக்கவில்லை.

கணினிப் பயிற்சி என்பது ஆண்டு முழுவதற்கும் ஒரே ஒரு பிற்பகல். நான்கு கணினிகள், ஒவ்வொன்றையும் சுற்றி ஐந்து பேர். நோய்த் தரவுகளை ஆராய உதவும் எபி இன்ஃபோ, ஆர் போன்ற மென்பொருள்கள் அப்போதே இலவசமாகக் கிடைத்தன. எங்கள் விடுதியில் பாதிப் பேரிடம் மடிக்கணினி இருந்தது. ஒரு மருந்தகத்தின் ஓராண்டு வெளிநோயாளர் பதிவேட்டைத் தட்டச்சு செய்து கொடுத்திருந்தால், இரண்டு வாரத்தில் நோய் மூண்ட நாள்களை வரைபடமாக்கக் கற்றிருப்போம். அதற்குப் பதிலாக, மென்பொருளின் திரை எப்படி இருக்கும் என்பதற்கான படங்களைத் திரையில் பார்த்தோம்.

தேர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘வரையறுக்க’, ‘வேறுபடுத்துக’, ‘சிறுகுறிப்பு வரைக’ என்பவைதான் வினாத்தாளில் பெரும்பகுதி. கணக்குக்கு ஒதுக்கப்பட்ட மதிப்பெண் மிகக் குறைவு. அதிலும் எண்களைப் பொருத்தினால் விடை வந்துவிடும். அந்த விடைக்கு என்ன பொருள், அதை வைத்து மாட்டுக்காரரிடம் என்ன சொல்வாய் என்ற கேள்வி ஒரு முறையும் வரவில்லை. இதனால் நேரும் கேடு வெளிப்படையானது. பயறு எண்ணிய வகுப்பில் ஆர்வத்தோடு இருந்த மாணவர்களே தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு பழைய வினாத்தாள்களின் நகல்களை வாங்கி மனப்பாடம் செய்யத் தொடங்கினார்கள். பாடத்தை நேசித்து நடத்திய ஓர் ஆசிரியரின் உழைப்பைத் தேர்வு இப்படி வீணாக்குவதை நான் எளிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கண்காணிப்புப் பகுதி சரியாகக் கற்பிக்கப்படாததன் விலையை நான் தோல் கழலை நோய்க் காலத்தில் உணர்ந்தேன். 2019ல் ஒடிசாவில் முதன்முதலில் காணப்பட்டு, 2022ல் இராஜஸ்தான், குஜராத் மாநிலங்களைக் கடுமையாகத் தாக்கிய அந்த நோய் எங்கள் பக்கமும் வந்தபோது, ஆட்டம்மைத் தடுப்பூசியை மாடுகளுக்குப் போட்டுக்கொண்டு போனோம். சில ஊர்களில் ஊசி போட்ட பத்தாம் நாளில் மாட்டின் உடலில் கழலைகள் தோன்றின. ‘ஊசி போட்டதுக்கு அப்புறம்தானுங்க டாக்டர் வந்துச்சு’ என்று ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நோய் தொற்றிய பிறகு வெளியே தெரியச் சில நாள் முதல் சில வாரம் வரை ஆகும், ஊசியால் எதிர்ப்புத் திறன் வரவும் அதே அளவு நாள் ஆகும், ஆகவே ஊசி போட்ட அன்றே சில மாடுகளுக்குள் நோய் இருந்திருக்கலாம் என்று விளக்கினேன். அவர் பக்கத்து ஊரில் ஊசி போடாத மாடுகளுக்கும் வந்திருக்கிறதா என்று கேட்டார். நோய்ப்பரவியலின் மையக் கேள்வியை எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெரியவர்தான் கேட்டார். அதற்கு எண்ணோடு விடை சொல்ல என்னிடம் பதிவு இல்லை. ஊசி போட்ட மாடுகளின் பட்டியல் இருந்தது, நோயுற்ற மாடுகளின் பட்டியல் இருந்தது, ஊசி போடாமலும் நோயுறாமலும் இருந்த மாடுகளின் எண்ணிக்கை என்னிடம் இல்லை. நாலு கட்டங்களில் ஒரு கட்டம் காலியாகவே இருந்தது.

இப்போது நிலைமை ஓரளவு மேம்பட்டிருக்கிறது. கோமாரி நோய்க்கும் கருச்சிதைவு நோய்க்குமாக 2019ல் தொடங்கிய தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் மாடுகளின் காதில் 12 இலக்க எண் கொண்ட வில்லை பொருத்தப்படுகிறது; ஊசி போட்ட விவரம் அந்த எண்ணோடு பதிவாகிறது. எந்த மாட்டுக்குப் போட்டோம், எதற்குப் போடவில்லை என்பதை மாடு வாரியாகச் சொல்ல முடிகிறது. அறிமுகப் பாடத்தை நடத்துவோர் இந்தப் பதிவுகளையே வகுப்பறைக்குள் கொண்டுவரலாம். அயல்நாட்டுப் பண்ணைகளின் எண்களை வைத்துக்கொண்டு மாணவர்கள் தடுமாற வேண்டிய தேவை இருக்காது.

இந்த ஆண்டு பாடத்தில் சேர்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல முடியும். முதலாண்டுகளில் படித்த புள்ளியியல் குறிப்பேட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். சராசரி, திட்ட விலக்கம், நிகழ்தகவு ஆகிய மூன்றும் மறந்துபோயிருந்தால் மாதிரி எடுத்தல் வகுப்பு புரியாது. களப்பணிக்குப் போகும்முன் வினாப்பட்டியலை உங்கள் வீட்டில் மாடு வளர்க்கும் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் முகம் சுளிக்கும் சொல்லை மாற்றுங்கள். துறை ஏற்பாடு செய்யாவிட்டாலும், அருகில் உள்ள மருந்தகத்து மருத்துவரிடம் அனுமதி கேட்டு, ஒரு மாதப் பதிவேட்டை ஊர்வாரியாக எண்ணிப் பாருங்கள். எந்த ஊரில் மொத்தம் எத்தனை மாடுகள் என்பதைக் கால்நடைக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்துப் பக்கத்தில் எழுதுங்கள். என் மருந்தகத்துக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் நான் முதலில் கொடுக்கும் வேலை இதுதான். பதிவேட்டில் அச்சடிக்காத ஒரு பத்தியை அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, அதன் தலையில் ‘ஊரில் மொத்தம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். சென்ற மாதம் வந்த இருவர் ஒன்பது ஊர்களுக்கு அதை நிரப்பினார்கள். இரண்டு ஊர்களுக்குக் கணக்கெடுப்பின் எண்ணும் காது வில்லைகளின் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்று சொன்னார்கள். வருகிற வாரம் அந்த இரண்டு ஊர்களுக்கும் நேரில் போய் எண்ணப் போகிறோம்.